பயமுறுத்தினால் ஒரு புள்ளி

என் மைத்துனனின் முன்பல்லில் பாதியை நான் உடைத்தது பயமுறுத்துவதற்காக அல்ல. பயமுறுத்துவது எப்படி என்று விளக்குவதற்காக. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, வெளிச்சத்தை மறைக்க சன்னலில் ஒரு போர்வை. "பரண் பூதம் இப்படித்தான் பாயும்" என்று எழுந்து இரண்டு கைகளையும் விரித்தேன். வலது கை காற்றில் போனது. இடது கை, அவன் அப்போதுதான் வாயில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் போனது. டங் என்று ஒரு சத்தம். உடைந்த பல் டீயில் மிதக்காது, அடியில் போய்க் கிடக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"பயந்தியா மாப்ள?" என்று கேட்டேன். வாய் பழக்கம். கேட்டிருக்கக் கூடாது.

வாயைப் பொத்திக்கொண்டு அவன் சொன்னான்: "சூப்பர் மச்சான்."

அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். என் கஷ்டமே அதுதான்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். மற்ற நேரத்தில் மேசையில் ஆடும் விளையாட்டுகளை உருவாக்குகிறவன். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, நடித்து, பகடை உருட்டி ஆடும் ரகம். இந்த மாதிரி ஆட்டங்களில் ஆடுகிறவர்கள் வீரர்களாக இருப்பார்கள், பூதத்தைக் கொல்வார்கள். என் ஆட்டத்தில் ஆடுகிறவர்களே பூதங்கள். ஒரு பழைய வீடு. பரணில் ஒன்று, தண்ணீர்க் குழாயில் ஒன்று, நிலைக்கண்ணாடிக்குள் ஒன்று. அங்கே புதிதாக ஒரு குடும்பம் குடிவரும். குடும்பத்தாருக்காக நான் பேசுவேன். பூதங்கள் அவர்களை மிரட்ட வேண்டும். பயமுறுத்தினால் ஒரு புள்ளி. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினால் ஆட்டம் முடிந்தது.

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் இதை ஆடிப் பார்த்தவர்கள் இருவர். ஒருவன் என் மனைவியின் தம்பி, மேற்படிப் பல்லுக்குச் சொந்தக்காரன், மனைவி போனதிலிருந்து தனியாக இருப்பவன். இன்னொருவர் எங்கள் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். எதைக் கொடுத்தாலும், சம்பளக் கவரைக் கொடுத்தால்கூட, கண்ணில் ஒரு வில்லையைச் சொருகிக்கொண்டுதான் பார்ப்பார். அதனால் கடையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். என் மனைவி கணக்கு டீச்சர். ஆட்டத்தில் சேரமாட்டாள். சோபாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். எங்கள் பக்கம் திரும்பினால் அதே சிவப்புப் பேனாப் பார்வைதான்.

மறுநாள் அவனைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி உடைஞ்சது?"

"பரண் பூதம் டாக்டர்" என்றான் மைத்துனன்.

போலீசைக் கூப்பிடுவதா வேறு யாரையாவது கூப்பிடுவதா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. நான் அவசரமாக விளையாட்டை விளக்கினேன், இந்த முறை கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு.

"ஆடறவங்களே பூதமா?"

"ஆமா டாக்டர்."

"வாரத்துல ஆறு நாள் நான் அதைத்தான் ஆடிட்டிருக்கேன். இப்ப வெளியில உக்காந்திருக்கானே ஒரு தடியன், என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து கதவுகிட்ட போயிட்டான்." கையுறையை மாட்டினார். "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

புதுப் பல் வர நான்கு நாளாகும் என்றார். மைத்துனனுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. அந்த நான்கு நாளும் அவன் "செல்லும்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஊடே ஒரு விசில் கிளம்பியது. அதைக் கேட்டு மூன்றாவது நடைமேடையிலிருந்து ஒரு வண்டியே புறப்பட்டுவிட்டது என்பது அவனுடன் வேலை பார்ப்பவர்கள் கட்டிய கதை. ஆனால் ஒரு நாய் தினமும் ஒலிபெருக்கிக்கு அடியில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது உண்மை. அவனே சொன்னான். என்னிடம் கோபம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு திட்டு திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது. விளையாட்டுகளை அச்சிட்டு வெளியிடும் ஒரு பதிப்பாளர் அம்மா. என் முந்தைய இரண்டு விளையாட்டுகளையும் மிக மரியாதையாகத் திருப்பி அனுப்பியவர். இந்த விளையாட்டை அன்றிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கீழே ஒரு வரி: 'ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். ஒருமுறை ஆடியவர்கள், நீங்கள் கூப்பிடாமலே மறுபடி ஆட வருகிறார்களா?'

இதுவும் தேறாவிட்டால் இனிப் பகடையைத் தொடமாட்டேன், எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவேன் என்று மனைவியிடம் ஏற்கெனவே சபதம் செய்திருந்தேன்.

"பரண்ல இடமில்லீங்க" என்றாள் அவள்.

கூப்பிடாமல் வருகிறார்களா என்றால், வருகிறார்கள். ஆட்டத்துக்காக வருகிறார்களா, என் முகத்துக்காக வருகிறார்களா? அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பூதக்கண்ணாடியைக் கேட்டேன்.

"உங்க உழைப்பு தெரியுது சார்."

"உழைப்பை விடுங்க. நல்லா இருக்கா?"

"ரொம்பவே தெரியுது சார்."

மனைவியைக் கேட்டேன். "நான் ஆடவே இல்லையே, என்னைக் கேட்டா?" மைத்துனனைக் கேட்டால் என்ன சொல்வான் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் அலுத்துக்கொள்ளவும் முடியாது. என் பிழைப்பே அப்படிப்பட்டது. ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்கிறேன். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைபோல எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். பலகையை மாற்றினேன். பழைய பலகையையே ஒப்பித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது. டாக்டரும் வந்தார். குழாய்ப் பூதத்தை எடுத்துக்கொண்டார். நான் வழக்கம்போல குடியிருக்க வந்த அம்மாவானேன். குளியலறையில் முகம் கழுவப் போகிறேன், குழாயைத் திருகுகிறேன் என்றேன்.

"இப்ப உங்க முறை டாக்டர். எப்படி வரப்போறீங்க? ரத்தமாவா, முடியாவா? அட்டையில ரெண்டும் இருக்கு."

டாக்டர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். தாழ்ந்த, பரிவான குரலில், குழாய்க்குள்ளிருந்து பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. ஒண்ணும் இல்ல. கொஞ்சம் சில்லுனு இருக்கும், அவ்வளவுதான். வலிச்சா மட்டும் கையைத் தூக்குங்க."

பூதக்கண்ணாடியின் கண்ணிலிருந்து வில்லை கழன்று மேசையில் விழுந்தது. சோபாவில் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

"பிரமாதம்! ஒரு புள்ளி டாக்டர்!" என்று கத்தினேன்.

"வேண்டாம்."

"விதி இருக்கு டாக்டர். பயமுறுத்தினா ஒரு புள்ளி."

"நான் எங்க பயமுறுத்தினேன்? அந்தம்மாவே பயந்தாங்க. அவங்க ஓடிட்டா எனக்கு யார் இருக்கா? திரும்ப அந்தக் குழாய்ல தனியா உக்காந்து என்ன பண்றது?"

"அவங்க ஓடினாத்தான் நீங்க ஜெயிப்பீங்க!"

"அது உங்க ஜெயிப்பு சார். பயமுறுத்த எனக்கு முயற்சியே வேண்டாம், வாசல்ல நின்னா போதும். பயந்தவங்களை எழுந்து ஓடாம உக்கார வைக்கத்தான் இத்தனை வருஷம் படாத பாடு படறேன்."

பூதக்கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பார்த்தா, என் நிலைக்கண்ணாடிப் பூதத்துக்கும் அதே கதைதான் சார். எதிர்ல நின்னு பார்க்க ஆள் இல்லைன்னா அது வெறும் கண்ணாடி."

அன்று முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். முதல்நாள் வந்த ஒருவர் என் ஆட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிவிட்டுப் போகிறார். இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. கடையில் ஒருவருக்குக் கண்ணில் மருந்து விட வேண்டியிருந்தது. "பயப்படாதீங்க, கொஞ்சம் சில்லுனு இருக்கும்" என்று என் வாயே சொன்னது. அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. கடையை அடைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, "பயமுறுத்தினால் ஒரு புள்ளி" என்ற வரியை அடித்தேன். அதோடு நாற்பது அட்டைகளும் போயின. டாக்டர் அம்மா இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். உடைந்த பல்லுக்கும் சேர்த்துத்தான். அது உடையாவிட்டால் இவர் எங்கே, நான் எங்கே.

புதிய ஆட்டத்தில் மேசை நடுவே வாசல்வரை ஒரு வரிசைப் படிகள். பூதம் என்ன செய்தாலும் குடும்பம் பயப்படும். பயந்தால் வாசலை நோக்கி ஒரு படி. பூதங்கள் எல்லாம் சேர்ந்து, தங்களுக்குத் தெரிந்த கோரமான வழிகளிலேயே, அவர்களைப் போகவிடாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் ஆறு படி போட்டிருந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். பகடையை இரண்டு தரம் உருட்டினாள், ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டாள்.

"உங்க குடும்பம் மூணாவது சுத்துலயே ஓடிடும். பத்துப் படி போடுங்க."

"நீ ஆடவே மாட்டேன்னியே?"

"கணக்கு தப்பா இருந்தா பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாதுங்க."

பத்துப் படி போட்டேன். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய ஞாயிறும் வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்காரப் போனேன். மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சமையலறைக்குப் போங்க."

"ஏன்?"

"மூணு வருஷமா நீங்கதான் பேசறீங்க. ஆட்டம் நல்லா இருக்கா, உங்க வாய் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? அந்தப் பதிப்பாளர் அம்மா இதை அச்சடிச்சுக் கடையில வித்தா, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் உங்களையும் மடிச்சு வெச்சா அனுப்புவாங்க? குடும்பமா நான் பேசறேன்."

கதவைச் சாத்தினாள். கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தேன். வெளியே விதிகளைப் படிக்கும் சத்தம். ஐந்தாம் பக்கத்தை விட்டுவிட்டு ஆறாம் பக்கத்துக்குப் போனார்கள். கதவுவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். அவர்களே கண்டுபிடித்து ஐந்துக்கு வந்தார்கள். அப்புறம் என் மனைவியின் குரல், வகுப்பறைக் குரல்: "யாரது குழாய்ல? முதல்ல வெளிய வா!" பெரிய சிரிப்பு. டாக்டர் சிரித்தால் இருமுவார் என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு சிரிப்பு நின்றது. நீண்ட நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார்களா, எழுந்து போய்விட்டார்களா? வாணலியும் கையுமாகக் கதவில் காதை வைத்தேன். மைத்துனன் பேசிக்கொண்டிருந்தான். ரயில் நிலையக் குரல் இல்லை. இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"இப்பப் போகாதீங்க. விளக்கு வேணும்னா போட்டுக்குங்க. நான் கீழ வரமாட்டேன். மேலயே இருக்கேன். யாரோ நடக்கற சத்தம் கேட்டா போதும்."

யாரோ பகடையை உருட்டினார்கள். ஒரு பெருமூச்சு, அல்லது நான்கு.

முடிந்தது என்று மனைவி கதவைத் திறந்தாள். கையில் வாணலியோடு போய் நின்றேன்.

"எப்படி?"

"உழைப்பு..." என்று ஆரம்பித்தார் பூதக்கண்ணாடி. நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"என்னைக் கேக்காதீங்க" என்றார் டாக்டர். "ரெண்டே ரெண்டு தடவை ஆடியிருக்கேன். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவர் உங்க மச்சான்தான்."

மனைவி போர்வையை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

மைத்துனனோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். கடைகள் அடைத்துக் கிடந்த தெரு. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான்.

"மாப்ள, நல்லா இருந்துச்சா?"

"சூப்பர் மச்சான்."

"டேய், உன் கால்ல விழறேன். சனிக்கிழமை இதை எடுத்துட்டுப் போறதா, பெட்டியை மூடறதா? நீ சூப்பர்னு சொன்னது எனக்கு ஒரு தடவைகூட உதவினதில்லடா. ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லு."

அவன் நின்றான். நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"படமாட்டேன்." ஏற்கெனவே பட ஆரம்பித்திருந்தேன்.

"மூணு வருஷமா போர் மச்சான். கொடூரமான போர். நீங்க பேசிட்டே இருப்பீங்க, நான் எத்தனை மணிக்கு முடியும்னு அக்கா பேப்பர் கட்டைப் பார்த்துட்டு இருப்பேன். அந்தக் கட்டு தீர்ந்தா ஆட்டமும் தீரும்."

நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகள் என்று மனம் கணக்குப் போட்டது. நூற்றைம்பது முறை ஒரு மனுஷன் போர்வை மறைத்த இருட்டில் உட்கார்ந்து, பகடை உருட்டி, எனக்காகச் சூப்பர் என்று சொல்லியிருக்கிறான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் தோளில் கை போட வேண்டும் போலத்தான் இருந்தது. இடது கையை நினைத்து, வலது கையைப் போட்டேன்.

"அப்புறம் ஏன்டா வந்தே?"

"அவ போனப்புறம் ஞாயித்துக்கிழமை அந்த வீட்ல இருக்க முடியல மச்சான். எங்கயாவது வந்து உக்காரணும். நீங்க ஏன் வந்தேன்னும் கேக்கல, எப்பப் போவேன்னும் கேக்கல. நீங்க என்னத்தை வெச்சாலும் ஆடியிருப்பேன்." தூரத்தில் பேருந்து திரும்பியது. அவன் எழுந்தான். "ஆனா இன்னிக்கு எனக்கு லீவு இல்ல. கூட வேலை பார்க்கறவன்கிட்ட கெஞ்சி ட்யூட்டி மாத்திட்டு வந்தேன். உங்களுக்காக இல்ல, உக்காரவும் இல்ல. ஆட்டத்துக்காக. நல்லா இருக்கு மச்சான். எடுத்துட்டுப் போங்க."