மாதா இறங்கி நின்ற சதுக்கம்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தில் பிறந்தது. ‘பழங்கால ரோமானியப் பளிங்குச் சிலை, மது தேவன் பாக்கஸ், விற்பனைக்கு’ என்று பளபளக்கும் தாளில் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எங்கள் ரோக்காசெல்வா ஊர் பாக்கஸ். நான் வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான், இருந்தாலும் எங்கள் பாக்கஸ். பிரபு வீட்டு மாடத்தில், சதுக்கத்தைப் பார்த்தபடி, ஒட்டுத்துணி இல்லாமல் நிற்பான்.

2

முதல் வரி: ஆகஸ்ட் வெயிலில் அவன் பளிங்கு மேனி பாலாய்...

(அடித்துவிட்டேன். புறா எச்சத்தைப் பால் என்று எழுத மனம் வரவில்லை.)

மறுபடியும்: சிற்பக்கலை மீது எர்சீலியா கொண்டிருந்த...

(பொய். அவள் ரொட்டிக்கடைக்காரி. அவளுக்குக் கலையாவது கத்தரிக்காயாவது.)

விஷயம் இதுதான். ஆகஸ்ட் பதினைந்தில் மாதா ஊர்வலம் வரும்போது, அம்மணமாய் நிற்பவன் மாதா கண்ணில் படக்கூடாது. அவனைச் சிவப்புத் துணியால் மூடுவது எர்சீலியா வீட்டுப் பெண்களின் உரிமை. மாதா கோயில் திரும்பும்வரை அதை யார் விலக்கினாலும் அந்த வருஷத் திராட்சை அழுகிவிடும். வருஷம் பூராவும் மாவு பிசைகிறவளை ஊரே நிமிர்ந்து பார்ப்பது அந்த ஒரு நாள்தான். சிலை போனால் அதுவும் போச்சு. விளம்பரத்தைக் காட்டியபோது என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

3

சிலையை விற்கக் கிளம்பியவன் பிரபு வீட்டுக் கடைசி வாரிசு லுதோவிக்கோ. வாங்க வந்த மிலானோ நகரத்து வியாபாரியை அவன் சிலை பார்க்க அழைத்து வந்த நாள் எது தெரியுமா? அதே ஆகஸ்ட் பதினைந்து. (“எந்த மடையன் அன்னிக்குக் கூட்டிட்டு வருவான்? மாத்தி எழுது” என்கிறார் என் கணவர். ரோமில் வளர்ந்த மடையன் கூட்டி வருவான். மாற்ற மாட்டேன்.)

ஊர்வலம் சதுக்கத்துக்குள் வந்துவிட்டது. சிலை மூடியிருந்தது.

“அக்கா, துணியைக் கொஞ்சம் எடுங்க. ஐயா பாக்கணுமாம்” என்றான் லுதோவிக்கோ.

“மாதா கோயிலுக்குப் போகட்டும் தம்பி. எடுக்கறேன்.”

“எவ்வளவு நேரமாகும்?”

எர்சீலியா மாதாவைச் சுமந்து நின்றவர்களைப் பார்த்தாள். மாதா சப்பரத்தின் முன்கம்பில் தோள் கொடுத்திருந்த கசாப்புக்கடை நெல்லோ தொண்டையைக் கனைத்தான். “எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இறக்குங்கப்பா.”

நடுச் சதுக்கத்தில் இறக்கினார்கள். அவ்வளவுதான், அப்புறம் யாரும் தூக்கவில்லை. பன்றிக்கறி வைத்த ரொட்டி கைமாறியது. பாதிரியார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.*

வியாபாரி பொறுமையிழந்து துணியின் ஓரத்தைப் பிடிக்கப் போனார். மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. அவர் கை தானாக இறங்கியது.

“நாளைக்கு வரலாமா?” என்று நெல்லோவிடம் கேட்டார், பாவம்.

“என் இடுப்பைக் கேட்டுத்தான் சொல்லணும்.”

“பாக்காத சரக்கை நான் வாங்கறதில்ல. இந்த ஊர் சகவாசமே வேண்டாம்” என்று காரில் ஏறினார்.

* அவரும் கூட்டா என்று கேட்காதீர்கள். அவருக்கும் திராட்சைத் தோட்டம் இருக்கிறது.

4

முடிவு அ: போலீஸ் வந்து... (வேண்டாம். அவர்கள்தான் மாதாவுக்கு முன்னால் சீருடையில் நடந்து வந்தவர்கள்.)

முடிவு ஆ: மனம் திருந்திய லுதோவிக்கோ எர்சீலியாவின் காலில்... (எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.)

நடந்ததைச் சொல்கிறேன். கார் மறைந்ததும் ஊரே கைதட்டியது. எர்சீலியா முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

லுதோவிக்கோ தனியாக நின்றான். “சரி, விக்கல. இனி எவனுக்கும் விக்கல. போதுமா? மாதாவைத் தூக்குங்க” என்றான்.

“தூக்கலாம்” என்றாள் எர்சீலியா. “முன்கம்புல இடப்பக்கம் உங்க வீட்டுத் தோளுக்கு உள்ள இடம் தம்பி. உங்கப்பா போனதுலேருந்து அது காலியாவே வருது.”

அவன் கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தவரை பார்த்தேன். அப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது. அவன் தோள் கொடுத்தானா, கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரோமுக்கே போனானா, அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் எழுத மாட்டேன். மாதா தரையில் இருக்கும்வரை எங்கள் ஊர் பேண்டு வாசிப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாசித்தார்கள்.