அனுமதி கேட்டுப் படம் எடுக்கவும்

பிச்சாவரம் படகுத்துறைப் பலகையில் பிளாஸ்டிக் கூடாது, கூச்சல் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. அவை எங்கிருந்தோ வந்த விதிகள். கடைசி வரி மட்டும் வெண்மதியுடையது: 'நீரில் வேலை செய்யும் பெண்களை அனுமதி கேட்டுப் படம் எடுக்கவும்.' சுனாமிக்குப் பிறகு தொடங்கிய சுற்றுலாத் திட்டத்தில் அவள் களப் பொறுப்பாளர். காட்டையும் மீனையும் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மனுஷியை மறந்துவிட்டார்கள், தான் மறக்கவில்லை என்று அவளுக்கு அந்த வரியில் ஒரு ரகசியப் பெருமை.

அன்று சாயங்காலம் மலர்க்கொடி துறைக்கே வந்துவிட்டாள். எட்டாவது வரை வெண்மதியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது தண்ணீர் வற்றும் நேரங்களில் குறுகிய வாய்க்காலில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறாள்.

"நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து யாரோ வராங்களாமே. எங்க வாய்க்கா பக்கம் கூட்டியாராதடி."

"அதத்தான் பாக்க வராங்க. ரெண்டு பக்கத்து மரமும் மேல கூடி நிக்கறது வேற எங்க இருக்கு? உன்ன யாரு என்னா பண்ணாங்க? கேட்டுட்டுத்தான படம் எடுக்கறாங்க?"

"கேக்கறாங்க."

"புடிக்கலன்னா வேணாங்கறதுதான?"

மலர்க்கொடி அவளை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, "ம்ம்… ம்ம்ம்" என்றாள்.

"என்னாடி இது கூத்து?"

துணியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "நான் என்னா சொன்னேன், சொல்லு ஆபீசரம்மா."

வெண்மதிக்கு அப்போதுதான் உறைத்தது. இறால் பிடிக்கையில் மலர்க்கொடிக்கு இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பாள். வாயைத் திறந்தால் பறி விழும், அதிலுள்ளது எல்லாம் தண்ணீரோடு போகும். சிறுமியாக இருந்தபோதிலிருந்து பார்த்த காட்சிதான். வரியை எழுதியபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"முன்னல்லாம் திருட்டுத்தனமா எடுப்பாங்க. மொறச்சா கேமராவ எறக்கிடுவாங்க. இப்ப கேட்டுட்டு நிக்கறாங்க, நான் வாயத் தொறக்கலன்னா சரிங்கறேன்னு எடுத்துக்கறாங்க. மொறச்சா தேங்க்ஸ்ங்கறாங்க." சிரிப்பு மறைந்தது. "ஈரத்துணியோட நிக்கறேன்டி. எனுக்கு வேணாம்."

வெண்மதி உடனே சார்லஸுக்குப் போன் செய்தாள். அவர் திட்ட அதிகாரி, கடலூர் அலுவலகத்தில் இருப்பவர். முழுவதையும் கேட்டார். "அந்த வாய்க்கால எடுத்துட்டா திட்டத்துல என்னம்மா மிச்சம்? நாளைக்கு வர்றவங்க திட்டத்த ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த வருஷம் நீயும் இருப்ப, நானும் இருப்பேன்" என்று வைத்துவிட்டார்.

சிதம்பரம் போகும் பஸ்ஸில் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு மரியாதை என்று தோன்றியது மலர்க்கொடிக்குப் பொறியாகிவிட்டது. நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியில், கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று தான் ஒருமுறைகூட விசாரித்ததில்லையே.

மறுநாள் படகில் திட்டத்தை மதிப்பிட வந்த காயத்ரி மேடமும் அவருடன் வந்தவர்களும், சார்லஸும், வெண்மதியும். பின்னால் நின்று கழி ஊன்றியவர் கொளஞ்சி. நீர் இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் கேட்டார்: "எந்தப் பக்கம் பாப்பா?"

வெண்மதி பேசுவதற்குள் சார்லஸ் குறுகிய பக்கம் கை காட்டினார். தன் வாயை எதுவும் அடைத்திருக்கவில்லை, ஆனாலும் சும்மா இருந்தோம் என்பதை அவள் கவனித்தாள்.

உள்ளே, மார்பு வரை நீரில் அமிழக் குனிந்தபடி மலர்க்கொடி. பல்லிடுக்கில் பறி. பலகையைப் படித்துவிட்டு வந்த காயத்ரி மேடம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா?"

மலர்க்கொடி அவரைப் பார்க்கவில்லை. வெண்மதியைப் பார்த்தாள். காயத்ரி மேடம் காத்திருந்தார். பிறகு புன்னகையோடு கேமராவை எடுத்தார்.

"வேணாம் மேடம். அவுங்க வேணாங்கறாங்க."

"அவங்க ஒண்ணுமே சொல்லலியே?"

"கூச்சம் மேடம், நீங்க எடுங்க" என்று சார்லஸ் சிரித்தார்.

"கூச்சமில்ல சார். நேத்தே சொல்லிட்டாங்க, உங்ககிட்டயும் சொன்னேன்." அவள் காயத்ரி மேடம் பக்கம் திரும்பினாள். "வாயில பறி இருக்கு மேடம், அதான் இப்ப பேச முடியல. அந்தப் பலகைய எழுதுனது நான்தான். தப்பா எழுதிட்டேன். இனிமே தண்ணி வத்தற நேரத்துல இங்க படகு வராது. கொளஞ்சி மாமா, திருப்புங்க."

"இதுல எங்க திருப்பறது? பின்னாலயேதான் போவணும்."

படகு பின்னோக்கி நகர்ந்தது. எல்லோரும் மலர்க்கொடியையே பார்த்தபடி விலகிக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. வெண்மதி எழுந்து, "அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கங்க, ப்ளீஸ்" என்றாள். காயத்ரி மேடம்தான் முதலில் திரும்பினார். மற்றவர்களும் காலைத் தூக்கிப் போட்டுத் திரும்ப, படகு ஆடியது. கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டே சார்லஸும்.

"என்னா, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கொளஞ்சி லுங்கியைச் சரிசெய்துகொண்டார். "வேணும்னா என்னையப் படம் புடிச்சிக்கங்க. நான் வேணாங்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று சார்லஸின் முகத்திலேயே தெரிந்தது. வெண்மதி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மலர்க்கொடியின் முகம் இளகியதா, ஒரு தலையசைப்பாவது உண்டா என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அதுவும் அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொள்வதுதானே என்று தோன்றியது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னால், கைகள் மறுபடி சேற்றைத் தடவும் சளசளப்பு கேட்டது.