எட்டாவது நாள்

யாசென் நான்கு நாற்பதுக்கு எழுந்து, அலாரம் அடிக்கும் முன்பே அதை நிறுத்தினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். மனைவி பில்யானாவின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்தான். ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி மருந்து எடுத்து அவள் கன்னத்தின் உள்பக்கமாக விட்டான். பாதியைத் துப்பினாள். தலையணை உறையை மாற்றினான். காப்பியை நின்றபடியே குடித்தான்.

ஆறு மணிக்கு மாமியார் தீன்கா சமையலறைக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள்.

"எப்ப குடுத்தே?"

"அஞ்சு பத்துக்கு. அடுத்தது ஒன்பதுக்கு. இடது பக்கம் சாய்க்காதீங்க அத்தை, வலிக்குதாம்."

"நீ தூங்குனியா?"

"தூங்கினேன்."

மனைவியின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு இறங்கினான். ஆறே காலுக்கு மின்நிலையப் பேருந்து வந்தது. அது டான்யூப் கரையோரமாகப் போகும். அவன் ஆற்றைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் மருத்துவர் சொன்ன கணக்கு ஒரு மாதம், கூடினால் ஐந்து வாரம். யாசெனிடம் பதினான்கு நாள் விடுப்பு மீதமிருந்தது. அதை அவன் கடைசிக்கென்று எடுத்து வைத்தான். அணு உலையை நிறுத்திப் பராமரிக்கும் நாட்களை ஆறு மாதம் முன்பே குறித்துவிடுகிற இடத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவனுக்கு, சாவும் குறித்த தேதிக்கு வரும் என்று தோன்றிவிட்டது. இன்னொரு குழுவினரிடம் ஷிஃப்டுகளை மாற்றி வாங்கி, பதினொரு நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து மூன்று வாரம் முழுதாக அவள் பக்கத்தில் உட்காரலாம். தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. ஆனால் இரண்டு குழுக்களின் பட்டியலும் வேறு வேறு தாள்களில் இருந்தன. இரண்டையும் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று வியாழன், எட்டாவது நாள். உள்ளே நுழையும்போது எல்லோரும் நிரப்பும் தாளில், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்ற கேள்விக்கு ஏழு என்று எழுதினான். எட்டு நாளும் ஏழுதான். உண்மையில் இரண்டு, அதுவும் துண்டு துண்டாக.

டர்பைன் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வந்து அளவுகளைப் பதிவேட்டில் எழுதவேண்டும். எட்டு மணிச் சுற்றை முடித்து எழுதினான். ஒன்பது மணிச் சுற்றுக்குக் கிளம்பியபோது ஷிஃப்ட் இன்சார்ஜ் வெனெத்தா பதிவேட்டின்முன் நின்றிருந்தாள். ஐம்பது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவள்.

"யாசென், இங்க வா. இதப் படி."

எண்ணெய் வெப்பநிலைக்கான கட்டத்தில் அவன் கையெழுத்தில் இருந்தது: 'ஐந்து மில்லி. பாதியைத் துப்பிவிட்டாள்.'

அவன் கை தானாகப் பேனாவைத் தேடி அடிக்கப் போனது.

"கிறுக்காத." அவளே பேனாவை வாங்கினாள். எழுதியது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் தேதி, நேரம், தன் கையொப்பம். "இந்தப் புஸ்தகத்த முப்பது வருஷம் வெச்சிருப்பாங்க. அப்புறம் எவனாவது எடுத்துப் படிச்சுட்டு, டர்பைன் எதுக்கு மருந்தத் துப்புச்சுன்னு கமிஷன் போடுவான்."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு குழுவின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணினாள்.

"எட்டு நாள்."

"இன்னும் மூணு நாள்தான் மேடம். திங்கக்கிழமையிலேர்ந்து லீவு. இப்ப அனுப்பினா மாத்தின ஷிஃப்ட் எல்லாம் போயிடும். கடைசி நேரத்துல நான் அங்க இருக்க முடியாது."

"போகட்டும்."

"என் நெலம தெரிஞ்சும் பேசுறீங்களா?"

"தெரியும். அதுக்கும் எண்ணெய் சூட்டுக்கும் சம்பந்தமில்ல. எண்ணெய் எத்தன டிகிரி இருந்துச்சு, சொல்லு."

அவனுக்கு நினைவில்லை.

"பாத்தியா."

"உங்களுக்கு விதிதான் பெருசு."

"ஆமா," என்றாள். "பெருசுதான். சட்டைய மாத்திட்டுப் போ. பஸ்ஸுக்கு நிக்காத, டிரைவர் கொண்டு விடுவாரு. நீ ஸ்டியரிங்கத் தொட்டேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் பாத்துக்க."

காரில் அவன் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, பின் கூட்டி, பின் அணைத்துவிட்டார்.

கதவைத் திறந்த தீன்காவின் கையெல்லாம் சுட்ட குடைமிளகாயின் கருந்தோல் ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி, வேலையவிட்டு அனுப்பிட்டாங்களா?"

"இன்னிக்கு மட்டும். தூங்காம வந்தேன்னு."

"இதுக்கெல்லாமா அனுப்புவாங்க? அப்படின்னா என்னைய கல்யாணமான மறுநாளே அனுப்பியிருக்கணும்."

மிளகாயைப் பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு, மாப்பிள்ளை வந்துவிட்ட தைரியத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது ரொட்டியும் தயிரும் வாங்கிவருவதாகச் சொன்னாள்.

பில்யானா கண் விழித்திருந்தாள். மூன்று நாளாக அப்படித் தெளிவாகப் பார்க்கவில்லை.

"தொரத்திட்டாங்களா?"

"ம்."

"என்ன பண்ணினே?"

சொன்னான். பதிவேடு, எண்ணெய்க் கட்டம், ஐந்து மில்லி, ஒற்றைக் கோடு. அவள் தோள் குலுங்கியது. வலிக்கிறதோ என்று எழுந்தான். சிரிக்கிறாள். சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

"டர்பைனுக்கு... இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. கஞ்சி குடிச்சுது."

மறுபடி தோள் குலுங்கியது. அவனும் சிரித்தான். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான், கணக்குப் பிடிபடவில்லை. ஒரு மணியிருக்கும். சன்னல் வெயில் போர்வையின் பாதிவரை வந்திருந்தது.

அவன் விழித்தபோது அவள் கை அவன் சட்டையின் முழங்கைப் பக்கத்தைப் பற்றியிருந்தது. வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தான், மூன்று பத்து. எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தீன்கா ஈரத் தலையோடு, ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள். இரண்டு பேரையும் பார்த்தாள். ரொட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, மெல்லப் போய், பிரிந்த உயிருக்கு வழிவிடச் சன்னலைத் திறந்தாள்.

சனிக்கிழமை அடக்கம். கட்டடத்தின் வாசற்கதவில் பில்யானாவின் படம் போட்ட அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெனெத்தா நான்கு வெள்ளைப் பூக்களோடு வந்தாள். குழியருகே வைத்தாள். பிறகு அவனிடம் வந்து கை கொடுத்து, துக்க வீட்டாரிடம் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

"கடவுள் அவள மன்னிக்கட்டும்."

"மேடம், அன்னிக்கு நான் பேசினது..."

"என்ன பேசினே? எனக்கு ஞாபகமில்ல."

"நீங்க அனுப்பலேன்னா மூணு மணிக்கு நான் எண்ணெய்க் கட்டத்துக்கு எதிர்லதான் நின்னிருப்பேன்."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் தூசி எதுவும் இருக்கவில்லை.

"புதன்கிழமைக்கு முன்னாடி வராத. ரெண்டு தாளையும் இப்ப ஒண்ணாக்கச் சொல்லிட்டேன்."

அவன் அவள் கையை விடவில்லை. விடவேண்டும் என்பது தெரிந்தது. அவளும் இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

வீட்டில் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையைச் சிறு கிண்ணங்களில் கொடுத்தார்கள். பெண்கள் தீன்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தான் ரொட்டிக்கடையில் வரிசையில் நின்ற கதையை அவள் நான்காவது முறையாகச் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது இருந்தியே, தம்பி. உன்ன அனுப்பி வெச்ச அந்த அம்மாவுக்குப் புண்ணியமாப் போகட்டும். கடைசியா என்ன சொன்னா எம்பொண்ணு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"உங்களத்தான் கேட்டா. அம்மா எங்கேன்னு."

தீன்கா கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டாள். தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். யாரோ அவன் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார்கள். அவன் கோதுமையை மென்றான், இனித்தது.

அன்று சிரித்து முடித்தபின் பில்யானா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் தொடாமலே, தானாகச் சுவர்ப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தாள். அதற்கு வெகு நேரம் பிடித்தது. காலியான இடத்தில் விரலால் தட்டினாள்.

"படு," என்றாள். "ஏதாவதுன்னா நான் எழுப்பறேன்."