துலக்கிய தகடு

விமானத்தைக் கிழித்தது வெடிதான் என்று கண்டுபிடித்தவர்கள், அந்த வெடி யாருடையது என்று தேட அதிக தூரம் நடக்கவில்லை. எங்கள் தோட்டத்திலேயே வெடி வைக்கிறவன் ஒருவன் இருந்தான். பாறை உடைத்துப் புது ரோடு போடுகிற அழகன். என் தங்கை செவனம்மாளின் புருசன். விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தூக்குத்தான் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கொழும்பிலிருந்து கிழக்கே போன சின்ன விமானம் அது. மூடுபனிக் காலையில் வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலை மலையில் வந்து விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அன்று காலை அழகன் பாறைக்கு வெடி வைத்தது உண்மை. தினமும் வைக்கிறதுதான். "சத்தம் கேட்டதா?" என்று போலீஸ் விசாரித்தது. கேட்டது என்று எல்லோரும் சொன்னோம். விமானம் விழுவதற்கு முன்னாலா பின்னாலா, எந்தத் திசையில் என்று கேட்கத்தான் ஆளில்லை. தாழப் பறந்த விமானத்தை அழகன் தரையிலிருந்து வெடி வைத்து விழுத்தினான் என்று எழுதிக்கொண்டார்கள். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்களாம். தோட்டமே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

விழுந்த இடத்தையாவது ஒழுங்காகப் பார்த்தார்களா? பார்க்க முடியாதபடி நாங்களே செய்து வைத்திருந்தோம். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா உத்தரவு போட்டுவிட்டார். எந்தப் பெரியவர் வந்தாலும் தோட்டத்தில் இதுதான் வழக்கம். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவோம், ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மலையைக் கூட்டிச் சுத்தம் செய்வோம். அன்றும் செய்தோம். சிதறிக் கிடந்த தகடுகளைப் பொறுக்கி, பீலியில் கொட்டும் தண்ணீரில் கரி போகக் கழுவி, பெரிசு ஒரு பக்கம் சிறிசு ஒரு பக்கமாக ரோட்டோரம் அடுக்கினோம். இன்ஸ்பெக்டருக்கு வெகு திருப்தி. படம் பிடித்துக்கொண்டார். அட்டை கடிக்கும் என்று மலையில் கால் வைக்காமல், பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வட்டகொடையில் துணிக்கடை வைத்திருக்கும் லாபிர் நானாதான் எனக்கு நம்பிக்கை கொடுத்தார். கொத்மலைப் பக்கம் துணி விற்கப் போனவர், ஒரு வீட்டு விறகுக் குவியலை மூடியிருந்த தகட்டைப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"ஆண்டியப்பன், இது ப்ளேன்ட தகடு. மேல டமார்ண்டு சத்தம் கேட்டு, இது வந்து விழுந்திச்சாம். ப்ளேன் அதுக்குப் பொறகுதான் உங்கட தோட்டத்துப் பக்கம் போச்சாம். அந்த வீட்டுப் பொம்புள சொல்றா."

தகட்டில் தலை நுழையும் அளவு ஓட்டை. அதன் விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. உட்பக்கம் முழுக்கக் கரி. அந்தக் கரியில் தோல்பெட்டியின் கிழிசல் ஒன்று தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பயணியின் பெட்டிக்குள் வெடித்திருக்கிறது, அழகனின் பாறைக்கு வருவதற்குப் பல மைல் முன்னாலேயே. இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

தகட்டைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து போலீஸ் வாசலில் நின்றேன். தோட்டத்தில் எடுத்த சாமான் மட்டும்தான் கணக்கு என்று ஒருவன் விரட்டினான். பெரியவர் சாப்பிடுகிறார் என்றான் இன்னொருவன். கடைசியில் லாபிர் நானா கூட வந்து சிங்களத்தில் கெஞ்சிய பிறகு, மறுநாள் தோட்டத்துக்கு வரும்போது பார்க்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் வாக்குக் கொடுத்தார்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பித் தகட்டைச் செவனம்மாளிடம் கொடுத்தேன். அழகனைப் பிடித்துப் போனதிலிருந்து அவள் என் வீட்டில்தான் இருந்தாள்.

"இதுதான் ஒன் புருசனைக் கொண்டாந்து விடப்போகுது. நாளைக்குப் பெரியவரே நம்ம வீட்டுக்கு வந்து பாக்கப் போறாரு. பத்திரமா வச்சிரு."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அத்தனை நாளில் அன்றுதான் ஒரு வாய் சோறு தின்றாள்.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஆபீசடியில் காத்திருந்து, இன்ஸ்பெக்டரையும் லாபிர் நானாவையும் லயத்துக்கு அழைத்து வந்தேன். செவனம்மாள் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் தகட்டை வைத்திருந்தாள். கண்ணாடி போல மின்னியது.

"விடிய எந்திரிச்சு சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சேண்ணே. கரி லேசுல போகல. தோலு ஒண்ணு அசிங்கமா ஒட்டியிருந்திச்சு, சொரண்டி அடுப்புல போட்டேன். பெரியவரு கையைக் கிழிச்சிரும்னு ஓரத்தையெல்லாம் உள்ளுக்குத் தட்டி மடக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் பிரம்பால் தகட்டை ஒரு தட்டுத் தட்டினார். மடங்கிய விளிம்பைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

"என்னா சொன்னாரு நானா?"

லாபிர் நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெடிச்ச தகடு இப்பிடியா இருக்கும்ண்டு கேக்குறாரு. பாக்க ஒண்டும் இல்லையாம்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தபடி தங்கையிடம் திரும்பினேன். அவள் ரோட்டில் போகிற இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது.

"சிரிச்ச மொகமா போறாருண்ணே," என்றாள். "எப்ப விடுறேன்னாரு?"