ஒன்ஸ் மோர்

ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், காட்டுக் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அந்த அவசரகாலத்தில், நாடகம் போட அனுமதி வாங்கியதே பெரிய காரியம். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாராயணசாமிதான் அலைந்து வாங்கினார். எழுதியதும் அவரே. பத்துப் பாட்டு, பாதிக்கு மேல் அழுகை. நான் ஆர்மோனியம்.

கதை எங்கள் முருகையாவுடையது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் வேலிவாசலைத் தாண்டிச் சோறு போகக்கூடாது என்று உத்தரவு இருந்த நேரம். விடிகாலையில் பால்வெட்டப் போனவனைக் கம்பிவேலி ஓரத்தில் காவல்காரன் சுட்டுவிட்டான். மடியில் சோற்றுப் பொட்டலம் இருந்தது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கடத்தினான் என்று சொல்லி விஷயத்தை மூடிவிட்டார்கள். பசி தாங்காதவன் ஒளித்துக் கொண்டுபோன மதியச் சாப்பாடு அது. எங்களுக்கெல்லாம் தெரியும். வாயைத் திறக்கத்தான் பயம்.

அவன் பெண்டாட்டி காளியம்மா நாடகத்துக்குச் சம்மதித்ததே அதற்காகத்தான்.

"அது அவரு திங்க வச்சிருந்த சோறுன்னு எல்லாரும் கேக்கப் பாடணும் கிராணியாரே. வேற ஒண்ணும் வேணாம்."

கிராணி சத்தியம் செய்தார். சுட்டு முடித்ததும் வரும் கடைசிப் பாட்டு அதுதான்.

ஊரடங்குக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று வெயிலோடே பள்ளிக்கூடக் கொட்டகையில் ஆரம்பித்தோம். சுடுகிறவனுக்கு உடுப்பு மாட்டக்கூடாது என்பது போலீஸ் நிபந்தனை. வேட்டியும் மரத்துப்பாக்கியுமாக வந்து நின்றான். முருகையா வேஷம் கட்டியது எங்கள் லயத்துப் பையன் வீரன். திரைக்குப் பின்னால் தகரத்தை அடித்ததும் துள்ளி விழுந்தான் பாருங்கள், கொட்டகையே அதிர்ந்தது.

"ஒன்ஸ் மோர்!"

பாட்டுக்குக் கேட்பார்கள். சாவுக்குக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். வீரன் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி செத்தான். எங்களை வேலை வாங்கும் மண்டோர் மேடையேறி மாலை போட்டார். பிணம் எழுந்து கழுத்தை நீட்டியது. "இன்னொரு தடவ லா!" மூன்றாம் முறையும் சுட்டார்கள். கிராணிக்கு வாயெல்லாம் பல். நான் கடைசிப் பாட்டின் சுருதியைப் பிடித்தபடியே இருந்தேன், எவன் கேட்டான்?

ஊரடங்குச் சங்கு ஊதிவிட்டது. சனங்கள் லயத்துக்கு ஓடினார்கள். ஓடும்போதும் வீரன் விழுந்த அழகைத்தான் பேசினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

காளியம்மா மட்டும் மேடைக்கு வந்தாள்.

"அழாத காளியம்மா," என்றார் கிராணி. "பக்கத்துத் தோட்டத்துல இப்பவே கூப்பிட்டுட்டாங்க. அங்க பாடிடலாம்."

"அங்க அவர யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள். "எம் புருசன மூணு தடவ சுட நேரம் இருந்துச்சு. அவரு சோறு கடத்தலன்னு ஒரு தடவ சொல்ல நேரம் இல்ல, அப்படித்தானே?"