குட்டையாகிப்போன காலாட்படை

புதிதாக வார்த்த சிப்பாய்கள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்பது ஹேசலுக்கு விளங்கவேயில்லை. கட்டைவிரல் உயரத்துக்கும் குறைவான உலோகப் பொம்மைகள். உயரத் தொப்பி, தோளில் துப்பாக்கி. பழைய வார்ப்பு ஒன்றையும் புதியது ஒன்றையும் மேசையில் அருகருகே நிறுத்திக் குனிந்து பார்த்தாள். புதியவனின் தொப்பி ஒரு நகக்கனம் தாழ்ந்து நின்றது.

நகக்கனம்தானே என்று விட முடியாது. சேகரிக்கிறவர்கள் ஒரே படையை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்ப்பவர்கள். பின்னால் வருகிறவன் முன்னால் நிற்கிறவனோடு ஒட்டாவிட்டால் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பெரிய கையான பெம்பரி ஏற்கெனவே ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாட்டிங்காம் சேகரிப்பாளர் கிளப்பில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்தத் தொழிலில் செலவெல்லாம் முதலிலேயே போய்விடும். சிற்பிக்குக் கூலி, அச்சுக்கு ரப்பர். அதன்பின் ஒரு பொம்மைக்கு ஆகிற உலோகம் ஒரு வாய்த் தேநீர் விலைகூட இல்லை. அதனால் புதுப் பொம்மைகள் போட்ட முதலை எடுக்கவே திணறும்; எப்போதோ முதலை எடுத்துவிட்ட பழைய படைதான் சோறு போடும். இங்கே சோறு போட்டது இந்தக் காலாட்படை. அது நின்றால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

உலோகத்தின் சூட்டைக் குறைத்துப் பார்த்தாள். வெள்ளீயத்தைக் கூட்டிப் பார்த்தாள். சுழலும் ரப்பர் அச்சின் நடுத்துளையில் ஊற்றி, நன்றாக ஆறவிட்டுப் பிரித்தாள். அதே நகக்கனம்.

தம்பி நெவில் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, பட்டாளத்துக்கு ஆள் எடுப்பா? உயரம் பத்தலைன்னு வீட்டுக்கு அனுப்பப் போறியா?"

"வாயை மூடு. பழைய அச்சு தேஞ்சுபோச்சுன்னு போன குளிர்ல புதுசு பண்ணினியே, எதை வச்சுடா பண்ணினே?"

"பொம்மையை வச்சுத்தான்."

"எந்தப் பொம்மை?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். ஹேசலுக்குப் புரிந்துவிட்டது. உலோகம் ஆறும்போது சுருங்கும். பொம்மையை நடுவில் வைத்து வேகவைக்கிற அச்சு ரப்பரும் பிறகு சுருங்கும். அதனால்தான் சிற்பி செய்த உருவத்திலிருந்து முதலில் வார்த்த பிரதிகளை விற்காமல் பூட்டிவைப்பார்கள். தாய்ப் பொம்மைகள் என்பாள் ஹேசல். எத்தனை அச்சு தேய்ந்தாலும் அடுத்ததை அவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். விற்பனைக்கு வார்த்ததிலிருந்து எடுத்தால், பிறப்பதெல்லாம் ஒரு படி குள்ளமாகத்தான் பிறக்கும்.

"தாய்ப் பொம்மைங்க எங்கடா?"

"வித்துட்டேன். பெம்பரிக்கு. கத்தாதே! அச்சைச் சுத்தற மோட்டார் எரிஞ்சப்போ புதுசு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? வருஷம் பூரா சிப்பாய் வித்தாலும் மிஞ்சாததை ஒரே சாயங்காலத்துல எடுத்து வச்சாரு."

"நம்ம தாயைத் தூக்கிட்டுப் போய்ப் பூட்டிக்கிட்டு, பிள்ளைங்க குட்டைன்னு நமக்கே திருப்பி அனுப்பறாரா அந்த ஆளு?"

பெம்பரியைத் தொலைபேசியில் பிடித்து, புது அச்சு எடுக்கத் தாய்ப் பொம்மைகளை ஒரு நாள் இரவல் கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அதுக்கெல்லாம் வர்ணம் பூசி கண்ணாடிக்குள்ள வச்சாச்சும்மா. மறுபடி ரப்பருக்குள்ள வச்சு வேகவைக்கக் குடுப்பனா? உங்க தரம் முன்ன மாதிரி இல்லைங்கறதுல எனக்கும் வருத்தம்தான்."

"ரொம்ப நன்றிங்க" என்று வைத்தாள்.

"சிற்பிகிட்ட சொல்லி முதல்லேர்ந்து செஞ்சுடலாமே" என்றான் நெவில்.

"எதை வித்து? என்னையா?"

அவன் போய்விட்டான். ஹேசல் மறுபடி குனிந்தாள். சேகரிக்கிறவர்கள் யாரும் சிப்பாயின் முழங்காலை அளக்கப் போவதில்லை. தொப்பிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். கத்தியை எடுத்து, அச்சில் ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் ரப்பரைச் சீவி, அவன் நிற்கும் தட்டுக்கான குழியை ஆழமாக்கினாள். ஊற்றினாள். ஆறியதும் ஒருவனை எடுத்துப் பழையவன் பக்கத்தில் நிறுத்தினாள்.

உடம்பு குட்டையாகவே இருந்தது. காலடித் தட்டு மட்டும் ஒரு நகக்கனம் தடித்திருந்தது. தொப்பிகள் சமமாக நின்றன.