ஓர் ஆள் அகலம்

தேவாலயத்தின் வடக்குச் சுவர் வளர்கிறது என்பதை முதலில் கவனித்தவர் ஓடு மாற்றுகிறவர். மழைக்கு முன் கூரை ஏறியவர், சுவர் கூரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இறங்கி வந்து, கூடுதலாக ஓடு வேண்டும் என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றுக்கும் காரணம் ஓவியர்தான். ஏதேன் தோட்டத்திலிருந்து நியாயத்தீர்ப்பு வரை உலக வரலாறு முழுவதையும் அந்தச் சுவரில் வரையும்படி சபைக் குழு அவரிடம் சொல்லியிருந்தது. அவர் எதிலும் முந்திரிக்கொட்டை. கிழக்கு மூலையில் ஈரம் ஏறுகிறது, அது முற்றுவதற்குள் முடித்துவிடலாம் என்று நியாயத்தீர்ப்பை முதலில் வரைந்துவிட்டார்: பெரிய சிங்காசனம், அதில் கிறிஸ்து, சுற்றிலும் எக்காளம் ஊதும் தூதர்கள். பிறகு மேற்கு மூலைக்குப் போய் ஆதாமைத் தொடங்கினார். சுரங்கம் தோண்டுகிறவர்களைப் போல இரண்டு பக்கமும் நடுவில் வந்து சந்திக்கும் என்பது அவர் கணக்கு.

சந்திக்கவில்லை. வெள்ளம், பாபேல், சிலுவை, பேரரசுகள் என்று வரைந்துகொண்டே வந்தார். கடைசியில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெற்றுச் சுவர் மிஞ்சியது. காலையில் அதில் ஒரு ராஜாவை நிறுத்தினால், மாலைக்குள் சுவர் நீண்டு ராஜாவுக்குப் பக்கத்தில் அதே அகலத்துக்குப் புதுச் சுண்ணாம்பு வந்துவிடும். தொடக்கமும் தெரியும், முடிவும் தெரியும், நடுவில்தான் நாம் தடுமாறுகிறோம் என்று பாதிரியார் இதை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார், நீளமான பிரசங்கம். ஆலை முதலாளி தன் ஆலைத் திறப்பு விழாவை அந்த இடத்தில் வரையச் சொன்னார். அதற்குப் பிறகு உலகம் முடிந்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வரைந்தார்கள். உலகம் முடியவில்லை, சுவர்தான் நீண்டது. அந்த இடைவெளி என்றைக்கு அடைபடுகிறதோ அன்றைக்கு நியாயத்தீர்ப்பு வந்துவிடும் என்று ஊரில் பேச்சு இருந்தது. ஆண்டுக்கொருமுறை கூரையை நீட்டினார்கள், பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டார்கள், ஓவியருக்குத் தலை நரைத்தது.

அப்புறம் போர் வந்தது. ஓவியரின் தங்கை புருஷன் பேருந்து ஓட்டுநர். குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கக் கடைக்குப் போனவர் மேல் குண்டு விழுந்தது. அதை எந்தப் பக்கம் போட்டது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமே சமாதானம் ஆகிவிட்டது. ஓவியர் சமாதான உடன்படிக்கையை வரைந்துகொண்டிருந்தபோது தங்கை வந்து ஏணியின் கீழே நின்றாள்.

"அண்ணா, அவர் எதுக்குச் செத்தார்? உன் சுவர்ல அது எங்க இருக்கு?"

"குழு ஒத்துக்காதும்மா. ராஜா, போர், உடன்படிக்கை, இதுதான் வரலாறாம்."

"பல்பு வாங்கப் போனவர் வரலாறு இல்லையா?"

அவர் தூரிகையைக் கழுவப் போனார். அவளுக்குக் கடவுள் மேல் கெட்ட கோபம். கதையை இப்படிக் கந்தலாக்கி வைத்திருப்பதற்கு முடித்தே தொலைக்கலாம், செத்தவர்கள் எழுந்தால் புருஷனாவது திரும்பிக் கிடைப்பார் என்று நினைத்தாள். அண்ணன் வருவதற்குள் தூரிகை ஒன்றை எடுத்து, உடன்படிக்கைக்குப் பக்கத்து வெற்றிடத்தில் அவரைத் தானே வரைந்தாள். அவளுக்கு வரைய வராது. முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது, ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் போய்விட்டது. சட்டைப் பை மட்டும் அச்சு அசலாக அவருடையது.

அன்று மாலை சுவர் வளரவில்லை. ஊர் அரண்டுபோனது. இரவல் வாங்கிய ஏணியை ஆலை முதலாளி திருப்பிக் கொடுத்தார். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள், மறுநாள் அதற்காக வருந்தினார்கள். பல் பிடுங்க நாள் குறித்திருந்த பாதிரியார் இனித் தேவைப்படாது என்று சொல்லி அனுப்பினார். தங்கை துவைத்த புடவை கட்டி, தலை வாரி, சுவருக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். அப்படியே அசந்துவிட்டாள்.

விடிந்தது. பால் வழக்கம்போல வந்தது. சுவர் நீண்டிருந்தது, ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் அதே வெற்றிடம். ஆனால் கிழக்கு மூலையில் சிங்காசனம் காலியாக இருந்தது, மெத்தை மட்டும் உட்கார்ந்து எழுந்தது போல அமுங்கியிருந்தது. கிறிஸ்து ஓட்டுநரின் தோளில் கைபோட்டு நின்றார். இடம் போதாமல் நெருக்கியதில் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரபு ஒருவரின் தொப்பி சாய்ந்திருந்தது. கிறிஸ்துவின் கண்கள் இழவு வீட்டுக்கு வந்தவரைப் போலச் சிவந்திருந்தன. தங்கை வெகுநேரம் பார்த்தாள்.

"எதுக்குன்னு இப்பவும் சொல்லல," என்றாள். "ஆனா கூட நிக்கிறார்." புருஷன் போனபிறகு அன்றைக்குத்தான் அழுதாள், வாய்விட்டு.

சிங்காசனம் காலியாக இருப்பது முறையல்ல என்று குழு கூடித் தீர்மானித்தது. ஓவியர் அதில் கிறிஸ்துவை மறுபடி வரைந்தார். வரைந்த அன்றே கிறிஸ்து எழுந்து போய்விட்டார். குழு அடுத்த விஷயத்துக்குப் போனது. அதன்பிறகு ஊரார் தங்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே வரையத் தொடங்கினார்கள்: பிரசவத்தில் போனவள், கிணற்றில் விழுந்தவன், சும்மா தூக்கத்தில் போன மாமனார். ஒவ்வொருவர் பக்கத்திலும் மறுநாள் காலை கிறிஸ்து நின்றார், முன்பு நின்ற இடங்களையும் விடாமல். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சுவர் தபால் நிலையத்தைத் தொட்டபோது தபால் நிலையத்தை நகர்த்தினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, கிழக்கு மூலையில் நின்று, இந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று தங்கையிடம் கேட்பதுண்டு.

"வேலையா வெளிய போயிருக்கார்," என்பாள். "வந்துடுவார்."